நுண்பொருளியல் வகுப்பும் ஒரு பக்க விதித்தாளும்

6 பிப்ரவரி 2025, வியாழன்

இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கு வரும் திங்கட்கிழமை எச்2 பொருளியலின் (ஏ நிலைத் தேர்வுக்கான பாடம்) முதல் விரிவுரை. டுடோரியல் என்னும் சிறு குழுப் பயிற்சி வகுப்பில் ஆண்டுதோறும் நான் கொடுக்கும் விதித்தாளைத் திருத்துவதற்காக இன்றிரவு பத்து மணிவரை மேசையில் உட்கார்ந்திருந்தேன். சென்ற ஆண்டுத் தாளில் பதினான்கு விதிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தால், அவற்றில் பத்து விதிகள் கோப்பு, பேனா, தாளின் ஓரத்தில் விடவேண்டிய இடம் ஆகியவற்றைப் பற்றியவை. பாடத்தைப் பற்றியவை நான்கே. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் பொருளியல் ஒரு பாடமாகவே இருந்ததில்லை. அப்படி வருகிறவர்களிடம் முதல் நாளில் கோப்பின் நிறத்தைப் பற்றிப் பேசுவது அந்தப் பாடத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பத்தையும் அடித்துவிட்டேன்.

மிஞ்சியவை நான்கு. டுடோரியல் கேள்விக்கு விடை எழுதிப் பார்த்துவிட்டே வகுப்புக்கு வர வேண்டும். விடை தவறாக இருக்கலாம், தாள் வெறுமையாக இருக்கக்கூடாது. வரைபடத்தைக் கையால் வரைய வேண்டும். கட்டுரையைத் தன் சொற்களில் எழுத வேண்டும். நான்காவது, தாமதமாக ஒப்படைக்கப்படும் வேலையைப் பற்றியது. அந்த வரியை மட்டும் எழுத முடியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் தாமதத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைப்பேன் என்று எழுதியிருந்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு பையன் தன் கட்டுரையை இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து வைத்தான். காரணம் கேட்டேன். "மிஸ், அந்த வாரம் வேதியியல் சோதனை. நாலு மதிப்பெண் போனாலும் எனக்குக் கட்டுப்படியாகும்" என்றான். வாய்ப்புச் செலவை, அதாவது ஒன்றைத் தெரிவுசெய்ய எதைக் கைவிடுகிறோம் என்பதை, நான் கற்றுக்கொடுத்தபடியே கணக்கிட்டிருந்தான். அவனைக் கடிந்துகொள்ள என்னிடம் சொல் இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

விரிவுரை அரங்கில் பற்றாக்குறை, தெரிவு, வாய்ப்புச் செலவு ஆகியவற்றைச் சொல்லி முடித்த கையோடு தேர்வு முறையையும் விளக்கினேன். முதல் தாளில் இரண்டு தரவு ஆய்வுகள், ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். மொத்தத்தில் 40 விழுக்காடு. இரண்டாம் தாளில் ஆறு கட்டுரைகளில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். எஞ்சிய 60 விழுக்காடு அதற்கு. நுண்பொருளியலில் (தனிச் சந்தைகள்) ஒன்று, பேரளவுப் பொருளியலில் (நாட்டின் முழுப் பொருளாதாரம்) ஒன்று என இரு பகுதிகளையும் தொட்டாக வேண்டும் என்பதால், ஒரு பாதியைக் கைவிட்டுத் தப்பித்துவிட முடியாது. கேள்விகள் உடனே எழுந்தன: எத்தனை கட்டுரைகளை மனப்பாடம் செய்யலாம், எதை விட்டுவிடலாம். பதில் சொல்லாமல் டுடோரியலில் பார்ப்போம் என்றேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்று தைப்பூசம். சிங்கப்பூரில் 1968க்குப் பிறகு இது பொது விடுமுறை இல்லை என்பதால் வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன. என் டுடோரியல் குழுவில் இருக்கும் ஒரு மாணவியின் அண்ணன் காவடி எடுக்கிறார். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை உடன் நடக்க வேண்டும் என்று சென்ற வாரமே வந்து சொல்லி, பெற்றோர் கடிதத்தையும் கொடுத்திருந்தாள். இன்று ஒப்படைக்க வேண்டிய விடையை நேற்றே என் மேசையில் வைத்துவிட்டும் போயிருந்தாள். நான்காவது விதியில் எழுத வேண்டியதை இந்தப் பெண் எனக்குக் காட்டிவிட்டாள் என்று தோன்றுகிறது. முன்கூட்டி வந்து சொல்கிறவருக்குத் தேதியை மாற்றிக் கொடுப்பதில் எனக்கு எந்த நட்டமும் இல்லை.

14 பிப்ரவரி, வெள்ளி

நான்காவது விதியை எழுதிவிட்டேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று என் நினைவில் இருந்துகொண்டே இருந்தது. பிள்ளையை அழைத்துப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்கு அங்கே ஆறு காப்பகங்களில் 10 ஷெக்கெல் அபராதம் விதித்தார்கள். பிந்தி வருவோர் குறைவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் கூடினார்கள். பிறகு அபராதத்தை நீக்கியும் எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலை வந்து உட்கார்ந்ததும், பெற்றோர் அதைக் கொடுத்துத் தாமதத்தை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். சென்ற ஆண்டு என் இரண்டு மதிப்பெண்ணும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஆகவே இந்த ஆண்டு தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. முன்கூட்டிச் சொன்னால் மாற்றுத் தேதி உண்டு. சொல்லாமல் பிந்தினால், அதே வாரம் வியாழக்கிழமை வகுப்புகள் முடிந்தபின் என் எதிரில் உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும். முடிக்கும்வரை நானும் அங்கேயே இருப்பேன். துறையில் மூத்த ஆசிரியர் ஒருவர், "உங்கள் வியாழக்கிழமைகளை நீங்களே விற்றுவிட்டீர்கள்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் மாற்றவில்லை.

19 பிப்ரவரி, புதன்

நேற்று வரவுசெலவுத் திட்டம். சமூக மேம்பாட்டு மன்றங்கள் வழியாகக் குடும்பங்களுக்குத் தரப்படும் 800 வெள்ளி (டாலர்) சிடிசி பற்றுச்சீட்டைப் பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தது. ரொக்கமாகவே கொடுத்திருக்கலாமே என்றான் ஒருவன். பாதியை உணவங்காடிக் கடைகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும்தான் செலவிட முடியும் என்பதால் அந்தச் சந்தைகளின் தேவைக் கோடு (ஒவ்வொரு விலையிலும் மக்கள் வாங்க விரும்பும் அளவைக் காட்டுவது) நகரும் என்றாள் ஒருத்தி. செய்தி படித்துவிட்டு வர வேண்டும் என்று தனியாக ஒரு விதி தேவைப்படவில்லை.

25 பிப்ரவரி, செவ்வாய்

கையால் வரையும் விதிக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறார்கள். இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: வருமானம் உயரும்போது, கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை என்ன ஆகும்? ஒரு மாணவனின் தாளில் அளிப்புக் கோடு (ஒவ்வொரு விலையிலும் விற்பனைக்கு வரும் அளவைக் காட்டுவது) இடமிருந்து வலமாக மேலேறிச் சென்றது. தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்து, விலையும் அளவும் இரண்டும் கூடியிருந்தன. அழகான, சுத்தமான படம். "அளவு கூடியிருக்கிறதே, அந்தக் கூடுதல் சான்றிதழ்களை யார் வெளியிட்டார்கள்?" என்று கேட்டேன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "குறிப்பில் எல்லாப் படமும் இப்படித்தான் இருக்கிறது, மிஸ்" என்றான் மெதுவாக. 1990 முதல் இருக்கும் இந்த முறையில் எத்தனை சான்றிதழ் என்பதை அரசாங்கம் முன்பே வரையறுத்துவிடுகிறது. விலை ஏறினாலும் அந்த ஏலத்தில் ஒரு சான்றிதழ்கூட அதிகமாகாது. ரப்பரை எடுத்து அழித்தான். அடிக்கோலை நிமிர்த்தி வைத்து, செங்குத்தாக ஒரு கோடு போட்டான். தேவைக் கோடு நகர்ந்தபோது இம்முறை விலை மட்டும் ஏறியது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவில் விலை 106,000 வெள்ளியைத் தொட்டது ஏன் என்பதை அவனே வகுப்புக்கு விளக்கினான்.

திரையிலிருந்து வெட்டி ஒட்டிய படமாக இருந்தால் அந்தக் கோடு ஏன் சாய்ந்திருக்கிறது என்று அவன் கை ஒருபோதும் கேட்டிருக்காது. விதித்தாளில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன்: அச்சுகளுக்குப் பெயர் இட வேண்டும், பழைய விலையில் பற்றாக்குறை எப்படி எழுகிறது, புதிய சமநிலைக்கு விலை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் படத்தின் கீழ் முழு வாக்கியங்களில் எழுத வேண்டும்.

5 மார்ச், புதன்

ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், துணைப்பாட வகுப்பில் கொடுத்த கட்டுரை அது. அங்கே நல்ல கட்டுரை என்றார்கள். நீங்கள் 10க்கு 3 போட்டிருக்கிறீர்களே?" குரலில் கோபத்தைவிடக் கவலையே அதிகம், மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டுகிறவர் அவர்.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசினேன். நான் கேட்டது, 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே புதிய கோழி இறைச்சியின் சந்தையிலும் உறைந்த கோழியின் சந்தையிலும் என்ன நேர்ந்திருக்கும் என்பது. சிங்கப்பூருக்கு வந்த கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த காலம். ஒன்றில் அளிப்பு குறைகிறது. மற்றதில், அது பதிலீட்டுப் பொருள் என்பதால், தேவை கூடுகிறது. அந்தப் பெண் எழுதியிருந்தது வறட்சியால் கோதுமை விலை ஏறுவதைப் பற்றிய மூன்று பக்கங்கள். ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலம். உறைந்த கோழி என்ற சொல்லே அதில் இல்லை. "அப்படியென்றால் அவள் கேள்வியைப் படிக்கவே இல்லையா, டீச்சர்?" என்றார் அம்மா. படித்தாள், ஆனால் கையில் தயாராக ஒரு விடை இருந்ததால் யோசிக்க இடம் கிடைக்கவில்லை என்றேன். பிற்பாடு எழுதப்போகும் தேர்வுக் கட்டுரையின் 15 மதிப்பெண் பகுதியில் 5 மதிப்பெண், வாதங்களை எடைபோட்டு முடிவு சொல்லும் மதிப்பீட்டுக்கு உரியது. அங்கே மனப்பாடம் இன்னும் மோசமாகக் காலை வாரிவிடும் என்பதையும் சொன்னேன். துணைப்பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது அவர்கள் குடும்பத்தின் முடிவு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். முதல் விடை கையால், தனியாக. அதன்பின் செயலியிடம் கேட்டு, அது சொன்னதில் எது தவறு என்று ஓரத்தில் எழுதிக் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.

13 மார்ச், வியாழன்

நாளையோடு முதல் தவணை முடிகிறது. இருபத்து மூன்று பேரில், சொல்லாமல் பிந்தியவர்கள் இன்று இரண்டே பேர். ஒருவன் நாற்பது நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மற்றவளுக்கு ஆறு மணியாகியும் முடியவில்லை. பிந்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தேவையின் நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) அவளுக்குப் புரியவே இல்லை என்பது அருகில் உட்கார்ந்திருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. விலை மாற்றத்தையும் அளவு மாற்றத்தையும் விழுக்காட்டில் பார்க்காமல், வெள்ளியிலும் எண்ணிக்கையிலும் வகுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மதிப்பெண் குறைத்து அனுப்பியிருந்தால் அந்தக் குழப்பத்தோடே அவள் விடுமுறைக்குப் போயிருப்பாள்.

கீழே காப்பிக்கடைக்கு அழைத்துச் சென்று, சுவரில் இருந்த விலைப்பட்டியலை வைத்தே மறுபடி தொடங்கினோம். 1 வெள்ளி 40 காசுக் காப்பி 10 காசு ஏறினால் எத்தனை விழுக்காடு? ஏழுக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டாள். கடைக்காரர் விற்கும் கோப்பைகள் அதைவிடக் குறைந்த விழுக்காட்டில் சரிந்தால் அவர் வருமானம் கூடுமா, குறையுமா என்று கேட்டேன். சற்று யோசித்து, "கூடும்" என்றாள். ஏன் என்பதை எழுதிக்கொண்டு 24ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன்.