எண்பதில் நடுங்கிய ஸ்டீயரிங்

என்னுடையது 2005-ஆம் ஆண்டு மாருதி 800. ஊருக்குள் ஓட்டும்வரை வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து மதுரை நான்குவழிச் சாலையில் ஏறி, விராலிமலையைத் தாண்டி வேகம் பிடித்தால்தான் சங்கதி தெரியும். எழுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் ஒரு கூச்சம் தொடங்கும். எண்பதில் இரண்டு கைகளும் குலுங்கும். தொண்ணூற்றுக்குமேல் ஓரளவு அடங்கிவிடும்.

கேட்டவர்கள் ஆளுக்கொரு பாகத்தைச் சொன்னார்கள். ஷாக் அப்சார்பர் என்றார் ஒருவர், என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் என்றார் இன்னொருவர், அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், என்றார்கள் பலர். பழைய வண்டியில் இதுதான் தொல்லை: எதைச் சொன்னாலும் நியாயமாகவே படும், ஏனென்றால் எல்லாமே கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். சொன்னதையெல்லாம் மாற்றினால் செலவு வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். எந்த நிலையில் நடுங்குகிறது, எந்த நிலையில் நடுங்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

போக்குவரத்து குறைந்த அதிகாலையில், ஒரே வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் சுற்று மாறியது, நடுக்கம் மாறவில்லை. கிளட்ச்சை மிதித்தும் பார்த்தேன், அப்போதும் அப்படியே. ஆகவே என்ஜின் கணக்கிலிருந்து விலகியது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது நடுக்கம் கூடவில்லை. டிரைவ் ஷாஃப்டின் உள்ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பிரேக் பிடித்தபோது பெடல் துடிக்கவில்லை என்பதால் டிஸ்க்கையும் விட்டுவிட்டேன். வளைவுகளில் பேரிங் இரைச்சலும் இல்லை. மிச்சம் டயர், ரிம், ஸ்டீயரிங் இணைப்புகள்.

இந்த வண்டியின் டயர் அளவு 145/70 ஆர் 12. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர் ஓடும், அதாவது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினான்கு சுற்று. ரிம்மின் விளிம்பில் வெறும் 20 கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தாலும், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோவுக்குமேல் எடை தொங்குவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை இழுக்கும். ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறே இதற்குப் போதும். அதனால் முதல் வேலையாகச் சக்கரங்களைச் சுரண்டிக் கழுவி, வீல் பேலன்ஸிங் செய்தேன், அதாவது சுற்றிலும் எடை சமமாக இருக்கும்படி ரிம்மில் சிறு எடைகளைப் பொருத்தினேன். கடைக்காரர் அலைன்மென்ட்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். அலைன்மென்ட் பிசகினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தின்னும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு அதன்மேல் பழி போடுவது வெறும் வழக்கம்.

மெஷின் நான்கு சக்கரங்களுக்கும் பூஜ்யம் காட்டியது. சாலையில் ஸ்டீயரிங் பழையபடியே நடுங்கியது.

அடுத்து முன்சக்கரங்களைப் பின்னால் மாட்டி, பின்சக்கரங்களை முன்னால் கொண்டுவந்தேன். காசில்லாத சோதனை, எனக்கு அதிகம் சொன்னதும் இதுதான். ஸ்டீயரிங்கின் நடுக்கம் பெருமளவு அடங்கி, அதே எண்பதில் இருக்கைக்கு அடியில் ஒரு துள்ளல் வந்தது. குற்றவாளி சக்கரத்தோடு சேர்ந்து பின்னால் போய்விட்டது. ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டிப் பார்த்ததில், முன்பு இடது முன்பக்கம் இருந்த சக்கரம் என்று தெரிந்தது.

வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு செங்கல்லின் மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்து, டயரை உரசியும் உரசாமலும் இருக்கும் தூரத்தில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். முழு வட்டத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வெள்ளை விழுந்தது. அங்கே கைவைத்துத் தடவினால் மேடு தட்டுப்பட்டது. உள்ளே கம்பி அடுக்கு பிரிந்து ரப்பர் உப்பியிருக்கிறது. பேலன்ஸிங் மெஷினில் டயர் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றுகிறது. அதற்கு எடை மட்டும்தான் தெரியும், வட்டம் கெட்டது தெரியாது. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பரின் வெட்டு, ஆழமாகவே இருந்ததால் டயரை நான் சந்தேகப்படவே இல்லை. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 1416, அதாவது 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம் தயாரானது. தேயாமல் நின்றே கெட்ட டயர். இப்படி உப்பியதை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது, எந்த நேரமும் வெடிக்கலாம்.

இரண்டு புது டயர் போட்டபின் முக்கால்வாசி சரியானது. எண்பதில் இன்னும் ஒரு மெல்லிய அதிர்வு மிச்சம் இருந்தது. பட்டறையில் முன்பக்கத்தைத் தூக்கி, மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் கெட்டியாக இருந்தன. இடமும் வலமுமாக ஆட்டியபோது, “சார், இங்கே விரலை வையுங்கள்” என்றார். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டின்மேல் விரலை வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே ‘டக்’ என்று ஒரு தட்டல். கண்ணுக்கு அந்த அசைவு தெரியவே இல்லை. பிறகு ஸ்டெபிலைசர் பாரை இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். இந்த வண்டியில் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்திருப்பது அந்த பார்தான். அதன் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு இருந்ததே தவிர, ஆட்டம் இல்லை. விலை குறைவு என்பதால் அதையும் மாற்றச் சொன்னேன்.

டை ராட் எண்டை மாற்றினால் டோ அளவு, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, கலையும். அதனால் அலைன்மென்ட் செய்ய வேண்டிய இடம் இப்போதுதான் வந்தது, செய்தேன். அதற்குப் பின் துவரங்குறிச்சி வழியாக மதுரை போனபோது எண்பதிலும் ஸ்டீயரிங் அசையவில்லை.

சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டு லேசாக அதிர்வது மட்டும் அப்படியே இருக்கிறது. சக்கரம் சுற்றாதபோதே வருவதால் அது இந்தக் கணக்கில் சேராது. என்ஜின் மவுண்டிங் ரப்பராக இருக்கும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.