சமன்பாட்டை மாற்றி எழுத முடியுமா? நான் தீசிஸ் கொடுத்த அனுபவம்

ஒருவழியாகப் பிஎச்.டி. தீசிஸ் கொடுத்தாகிவிட்டது. ரசீது கையில் இருக்கிறது. உப்புக்காற்று படும் அலுமினியத் தகட்டில் களைப்பு விரிசல், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல், எப்படி வளர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கடலூரில் பாலிடெக்னிக் வேலையைப் பார்த்துக்கொண்டே, புதுச்சேரியில் பகுதிநேரமாகச் செய்தேன். கோர்ஸ் ஒர்க், டாக்டோரல் கமிட்டி, சினாப்ஸிஸ் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. சோதனைகளில் பட்ட பாடு தனி. ஆனால் அவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது கடைசியில் வந்த சிமிலாரிட்டி ரிப்போர்ட்தான். தீசிஸின் வரிகள் ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் போட்டுத் தரும் அறிக்கை அது. திடப்பொருள்கள் சுமையை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கும் சாலிட் மெக்கானிக்ஸில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது வரும், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது 23 சதவீதம். தீசிஸ் வாங்கும் செக்‌ஷனில் இருந்தவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "பத்துக்கு மேல போனா வாங்க மாட்டோம் மேடம். திருத்தி எடுத்துட்டு வாங்க" என்று ஃபைலைத் தள்ளிவிட்டார். எந்தப் பகுதியில் பிரச்சனை என்று கேட்டேன். "அதெல்லாம் உங்க கைடைக் கேளுங்க" என்றார். உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே புரட்டினேன். இரண்டாம் அத்தியாயம் முழுக்க வண்ணம் பூசியிருந்தது. சமநிலைச் சமன்பாடுகள், ஹூக் விதி, 1921இல் கிரிஃபித் சொன்ன ஆற்றல் கணக்கு, அதை இர்வின் 1957இல் விரிசல் முனைத் தகைவுகளாக (ஸ்ட்ரெஸ்) மாற்றிக் காட்டியது, பிறகு விரிசல் வளரும் வேகத்தைச் சொல்லும் பாரிஸ் விதி. "இதில் சி, எம் இரண்டும் பொருளைப் பொறுத்த மாறிலிகள்" என்று சமன்பாட்டுக்குக் கீழே வரும் வரிக்குக்கூடச் சிவப்பு. உலகத்தில் விரிசல் வளர்ச்சி பற்றி எழுதிய அத்தனை பேரும் அந்த வரியை எழுதியிருப்பார்கள். வேறெப்படித்தான் எழுதுவது? மூன்றாம் அத்தியாயத்தில் ஏஎஸ்டிஎம் ஈ647 என்ற, விரிசல் வளர்ச்சியை அளப்பதற்கான ஸ்டாண்டர்ட் சோதனை முறை மாட்டியிருந்தது. முன்விரிசல் எடுப்பது, விரிசல் நீளம் அளப்பது எல்லாம் ஸ்டாண்டர்டில் உள்ளபடிதான் செய்தோம் என்று சொன்னால்தானே முடிவை நம்புவார்கள்! நான்காம் அத்தியாயத்தில் மாட்டியது முழுக்க என் சொந்தக் கட்டுரைகள். என் பெயரில் வந்த வரிகளுக்கே நான் திருடி!

இந்த நேரத்தில்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, சொற்களை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைத்துத் தருவாராம். மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து காட்டினார். விரிசல் முனையில் தகைவு எவ்வளவு தீவிரம் என்பதைக் குறிக்க ஸ்ட்ரெஸ் இன்டென்சிட்டி ஃபாக்டர் என்று நான் எழுதியிருந்த இடத்தில் பிரஷர் ஸ்ட்ரெங்த் எலிமென்ட் என்று இருந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. முதலாவதன் அலகு மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். பிரஷர் என்றால் வெறும் மெகாபாஸ்கல். விரிசலின் நீளமே அதில் காணாமல் போய்விடுகிறது. இப்படி எழுதிய தீசிஸை எந்த வெளித் தேர்வாளர் படித்தாலும் முதல் பத்தியிலேயே மூடி வைத்துவிடுவார். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். சதவீதம் குறையும், ஆனால் அறிவியல் செத்துவிடும்.

கைடு சார்தான் வழி சொன்னார். "யுஜிசி ரெகுலேஷனையே படிச்சுப் பாரும்மா, நமக்குச் சாதகமாத்தான் இருக்கு" என்றார். கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018இல் கொண்டுவந்த விதிமுறை அது. இணையத்தில் கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விதிமுறை எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்வதை மட்டும் யாரும் படிப்பதில்லை. மேற்கோள் காட்டி எடுத்தாண்டவை, மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், விதிகள், வழக்கமான குறியீடுகள், வழக்கமான சமன்பாடுகள். சமன்பாடு என்று அச்சில் இருக்கிறது! தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் விட்டுவிடலாம்.

நூலகத்தில் இருந்த அக்கா நல்ல மனுஷி. இந்த விலக்குகளை மென்பொருளில் போட்டு மறுபடி ஓட்டித் தரச் சம்மதித்தார். சொந்தக் கட்டுரைகளை விலக்க, அவை இந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தவைதான் என்று கைடின் சான்றிதழ் வேண்டும் என்பது எங்கள் இடத்து வழக்கம். சான்றிதழ் வாங்கிப் போனால் கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லை என்று திருப்பினார்கள். சரி, சீல் வைத்து எடுத்துப் போனேன். "ஒண்ணாம் தேதி வாங்க, சூப்பரின்டென்டன்ட் இருப்பார்" என்றார் அதே செக்‌ஷன்காரர். நானும் லீவு போட்டுவிட்டுக் கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். தவளக்குப்பம் தாண்டும்போதே கொடியும் தோரணமும். நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள், அலுவலகம் மூடியிருந்தது. தமிழ்நாட்டில் அன்று வேலை நாள். தேதி சொன்ன ஊழியருக்கு அது தன் ஊர் விடுமுறை என்பது ஞாபகம் இல்லை. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து போகிறவர்கள் ஆகஸ்ட் 16-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அன்றும் விடுமுறை.

விலக்குகளோடு வந்த ரிப்போர்ட்டில் 7 சதவீதம். ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. செக்‌ஷன்காரர் அதையும் சந்தேகமாகப் பார்த்தார். "செட்டிங்கை மாத்தினா எல்லாருக்கும்தான் குறையும்" என்றார். யுஜிசி விதிமுறையின் அந்தப் பக்கத்தை அச்சடித்து, உரிய வரியை அடிக்கோடிட்டு ஃபைலில் வைத்திருந்தேன். நேரே சூப்பரின்டென்டன்ட் மேசையில் வைத்தேன். அவர் முழுதும் படித்தார், இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார், "இது சரிதானே, வாங்கிக்கோங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை அலைச்சலும்.

போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதல் முறை ஓட்டும்போதே விலக்குகளைப் போடச் சொல்லி எழுத்தில் விண்ணப்பியுங்கள், பெரிய எண் ஒருமுறை பதிவாகிவிட்டால் அதைக் கழற்றுவது பாடு. ஸ்டாண்டர்டிலிருந்து எடுத்த வாக்கியங்களுக்கு அதன் எண்ணை அந்த இடத்திலேயே மேற்கோளாகக் கொடுங்கள். விதிமுறை விலக்குவது தீசிஸின் தொடக்கத்தில் வரும் முன்னுரையைத்தான், அறிமுக அத்தியாயத்தில் மட்டும் விலக்கை எதிர்பார்க்காதீர்கள். அங்கே மாட்டினால் உண்மையிலேயே திருத்தித்தான் ஆக வேண்டும், அது நியாயமும்கூட.

விருத்தாசலத்திலிருந்து வரும் ஜூனியர் பெண் ஒருத்தி, கான்கிரீட் விரிசலில் ஆராய்ச்சி செய்கிறாள். அந்த அடிக்கோடிட்ட பக்கத்தை அவளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் சினாப்ஸிஸ் அடுத்த மாதம்.