பைக் வயரிங்குக்கு எந்த டேப், எங்கே?

இன்சுலேஷன் டேப் அட்டையில் "600 வோல்ட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது பைக்கைப் பொறுத்தவரை வீண். பேட்டரி 12 வோல்ட். வண்டி ஓடும்போது சார்ஜிங் லைனில் பதினான்கு, மிஞ்சினால் பதினாலரை. அதைத் தடுக்கக் காய்ந்த காகிதமே போதும். டேப்பின் ஆயுளைத் தின்பவை வேறு: சேஸிஸில் உரசல், இன்ஜின் சூடு, பெட்ரோலும் ஆயிலும், மழைத் தண்ணீர், ஹேண்டில் திரும்பும்போது விழும் மடிப்பு. இத்தனையையும் தாங்கும் ஒரே டேப் கிடையாது. டேங்குக்கு அடியில் நன்றாக உழைப்பது மட்கார்டுக்கு அடியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஹார்டுவேர் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது பிவிசி டேப். ஸ்டீல்கிரிப் என்ற பிராண்டின் பெயரே பல ஊர்களில் பொருளின் பெயராகிவிட்டது. இந்த வகையில் பெரும்பாலானவை 0.12 அல்லது 0.13 மி.மீ. கனம்; 70, 80 டிகிரி வரை தாங்கும். வீட்டு சுவிட்ச் போர்டுக்கு அது தாராளம். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் டேங்குக்கு அடியில், கீழே இன்ஜின் சூடும் சேர்ந்துகொண்டால், அந்த எல்லையைத் தொட்டுவிடும். அப்போது முதலில் தோற்பது பிளாஸ்டிக் அல்ல, பசை. இளகி ஓரங்களில் பிதுங்கும், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், வெளியே வந்த பசையில் புழுதி ஒட்டிக் கறுப்புக் களிம்பாகும். அதே சமயம் பிவிசியை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து மெல்ல வெளியேறும். ஓரிரு வருடத்தில் டேப் சுருங்கி, விறைத்து, நுனி எழும்பிவிடும்.

நல்ல பிவிசி டேப்பும் இருக்கிறது. த்ரீஎம் சூப்பர் 33+ 0.177 மி.மீ. கனம், மைனஸ் 18 முதல் 105 டிகிரி வரை. சூப்பர் 88 இன்னும் கனம், 0.216 மி.மீ. விலை சாதாரண டேப்பைப் போலப் பல மடங்கு. ஹேண்டில் சுவிட்ச் வயர், இன்டிகேட்டர் வயர் போன்ற சின்னக் கிளைகளுக்கு இது சரியான தேர்வு. மெயின் வயரிங் முழுக்க இதைச் சுற்றுவது வேண்டாத செலவு. அதைவிடப் பொருத்தமானது துணி டேப்; அது பின்னால் வருகிறது.

கடையில் பெயர் தெரியாத டேப்பை எடைபோட எளிய வழி உண்டு. ஒரு பென்சிலில் பத்துச் சுற்று, ஒன்றன்மேல் ஒன்றாக, இழுக்காமல் சுற்றி வெர்னியரில் விட்டம் பாருங்கள். கூடியதை இருபதால் வகுத்தால் ஒரு அடுக்கின் கனம். 0.10 மி.மீ.க்குக் கீழே வந்தால் வேண்டாம். ஒரு துண்டைக் கையில் இழுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டு, விட்டதும் மெதுவாகச் சுருங்க வேண்டும். உடனே அறுந்தாலும், இழுத்தபடியே தொங்கினாலும் அது மட்டமான சரக்கு. ஐஎஸ் 7809 என்ற இந்தியத் தர எண் அட்டையில் இருந்தால் கூடுதல் நிம்மதி.

இப்போது கம்பெனி வயரிங்கை உரித்துப் பாருங்கள், குறிப்பாக ஜப்பானிய வண்டிகளில். மேலே சுற்றியிருக்கும் கறுப்பு டேப்பின் உள்பக்கத்தில் பசையே இருக்காது. பசையில்லாத பிவிசி டேப் அது; தன்மேல் தானே லேசாகப் பிடித்துக்கொள்ளும், வயரில் ஒட்டாது. நுனியில் மட்டும் பசை டேப் இரண்டு சுற்று. இது சிக்கனத்துக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதுதான் வயரிங்கின் உயிர். ஒரு வயர்க் கட்டு வளையும்போது உள்வளைவில் இருக்கும் வயர் குறுகிய வழியில் போகிறது, வெளிவளைவில் இருப்பது நீண்ட வழியில். அவை ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தால்தான் இழுவை பகிர்ந்துபோகும். பசை டேப்பை இறுக்கிச் சுற்றினால் கட்டு ஒரே தடியாகிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்பக்க வயர் மட்டும் இழுபடும். உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், மேலுறை அப்படியே இருக்கும். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தால் ஹெட்லைட் மங்குவது, வலது பக்கம் ஒடித்தால் ஹாரன் அடிக்காதது எல்லாம் இந்த வகைக் கோளாறு. வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஹேண்டிலை ஆட்டித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே ஹேண்டில் கழுத்துப் பகுதியில் எந்தப் பசை டேப்பும் வேண்டாம். பசையில்லாத டேப்பைத் தளர்வாகச் சுற்றலாம். அதைவிட, ஒரு மெல்லிய பிவிசி ஸ்லீவுக்குள் வயர்களை விட்டு இரண்டு நுனியையும் கட்டிவிடலாம். ஸ்லீவின் உள்ளளவு கட்டின் கனத்தைவிட இரண்டு, மூன்று மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். கழுத்துக்கு இருபுறமும் கேபிள் டை போடும்போது இடையில் பதினைந்து செ.மீ. அளவுக்கு வயர் சும்மா வளைய இடம் விடுங்கள். இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகுதான் டையை இறுக்க வேண்டும்.

மெயின் வயரிங், அதாவது டேங்குக்கு அடியில் பேக்போன் குழாயை ஒட்டிச் சீட்டு வரை ஓடும் பகுதி, துணி டேப்புக்கான இடம். கார் வயரிங்கில் புழங்கும் பாலியெஸ்டர் டேப்புகள் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. டெசா 51608 பஞ்சுபோன்ற மிருதுவான வகை, 105 டிகிரி. டெசா 51036 நெய்த துணி வகை, 150 டிகிரி, உரசலை நன்றாகத் தாங்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். பஞ்சு வகை முதன்மையாகக் காரின் உட்புறத்தில் வயர் கடகடக்காமல் இருக்கச் செய்தது; பைக்கில் ஹெட்லைட் கூட்டுக்குள், சைடு பேனலுக்குள் பொருந்தும். சேஸிஸில் உரசும் இடத்துக்கு, இன்ஜினை ஒட்டிப் போகும் இடத்துக்கு நெய்த வகைதான். பெயர் தெரியாத பிராண்டுகள் எல்லாம் 51608 என்ற எண்ணையே விளம்பரத்தில் சேர்த்துவிடுவதால், எண்ணைவிட வெப்ப அளவைக் கேட்டு வாங்குவது நல்லது.

துணி டேப்பின் ஒரே பலவீனம் தண்ணீர். அது நீரைத் தடுக்காது, உறிஞ்சும். காற்றோட்டம் உள்ள இடத்தில் விரைவில் காய்ந்துவிடும். பின் மட்கார்டுக்கு அடியில், சக்கரம் சேற்றை வாரியடிக்கும் இடத்தில், காயவே காயாது. ஈரச் சேற்றைப் போர்த்திய மாதிரி ஆகிவிடும். கடலோர ஊர்களில் அந்த ஈரத்தில் உப்பும் சேரும். டெயில் லேம்ப் வயருக்கு ஸ்லீவ் அல்லது நெளிவுக் குழாய் போடுங்கள், தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு வழியும் விடுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 19 மி.மீ. அகல டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினால் ஒரு சுற்றுக்கு 9.5 மி.மீ. முன்னேறும். கட்டு 10 மி.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 33 மி.மீ. டேப் போகும். ஒரு மீட்டர் வயரிங்குக்கு மூன்றரை மீட்டர். 6 மி.மீ. கிளைக்கு மீட்டருக்கு இரண்டே கால். சாதாரண 100, 125 சிசி வண்டியில் மெயின் ஒன்றரை மீட்டர், கிளைகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் எட்டரை மீட்டர் டேப். கடையில் கிடைக்கும் ஆறரை மீட்டர் சின்ன ரோல் ஒன்று போதாது. 15 மீட்டர் ரோல் ஒன்று வாங்கினால் மீதியே இருக்கும்.

சுற்றும் திசையும் முக்கியம். வண்டியில் எந்த நுனி தாழ்வாக இருக்குமோ அங்கே தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மேல் படிந்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. பிவிசி டேப்பை லேசாக இழுத்துச் சுற்றலாம், கடைசி இரண்டு சுற்றை மட்டும் கொஞ்சமும் இழுக்கக் கூடாது. பல்லால் கடித்தோ இழுத்தோ அறுப்பதும் கூடாது, கத்தரியால் வெட்டுங்கள். இழுபட்டு அறுந்த நுனி பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். மறுநாளே எழும்பி நிற்கும்.

சிலிகான் டேப்பைப் பற்றி யூடியூப் பார்த்துவிட்டு எல்லா இடத்துக்கும் அதையே கேட்பவர்கள் அதிகம். பசை இல்லை, இரண்டு மூன்று மடங்கு இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும். தண்ணீர் புகாது, சாதாரண சிலிகான் டேப்பே 200 டிகிரியை அநாயாசமாகத் தாங்கும். ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்து கிழிந்துகொண்டே போகும். சேஸிஸ் விளிம்பில் உரசும் இடத்தில் போட்டால் போட்ட வேலை வீண். பெட்ரோல் பட்டால் உப்பும். இதற்கு ஏற்றது உரசல் இல்லாத, சூடும் ஈரமும் உள்ள இடம்: ஆர்ஆர் யூனிட்டின் (சார்ஜிங் வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கப்ளருக்கு, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிக்கு, பின்னால் வயர் நுழையும் வாய், சைலன்சருக்குக் கொஞ்சம் தள்ளிப் போகும் சென்சார் வயர். சுற்றும்போது கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது.

ஆர்ஆர் யூனிட் என்றதும் ஒன்று. இன்ஜினில் கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும் மஞ்சள் வயர்களின் கப்ளர் உருகிக் கறுத்திருந்தால் அதன்மேல் எந்த டேப்பைச் சுற்றியும் பயனில்லை. உள்ளே டெர்மினல் தளர்ந்து, தொடர்பு கெட்டு, அங்கேயே சூடு பிறக்கிறது. டேப் அந்தச் சூட்டை மூடி வைக்கும், அவ்வளவுதான். டெர்மினலை மாற்றுங்கள். இன்ஜினுக்குள்ளே ஆயிலில் நனையும் காயில் வயருக்கும் டேப் ஆகாது. பசை ஆயிலில் கரையும். அங்கே வார்னிஷ் பூசிய கண்ணாடி இழை ஸ்லீவ்தான்.

ஜாயின்டுக்கும் டேப்புக்கும் சம்பந்தமே வைத்துக்கொள்ள வேண்டாம். முறுக்கி, மேலே டேப் போட்ட ஜாயின்டில் ஈரம் புகுந்து, செம்பு பச்சை பூத்து, அந்தப் பச்சை வயருக்குள்ளேயே பல செ.மீ. ஏறிவிடும். கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயர்களை விட்டு நசுக்கி), உள்ளே பசை உள்ள 3:1 ஹீட் ஷ்ரிங்க் குழாயை, அதாவது சூடு காட்டினால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் குழாயை, போடுங்கள். ஜாயின்டைத் தாண்டி இருபுறமும் ஒரு செ.மீ. மூடட்டும். குழாயை வயரில் முதலில் கோத்துவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஒரே கட்டில் நாலைந்து ஜாயின்ட் வந்தால் ஒவ்வொன்றையும் நாலைந்து செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரே இடத்தில் புடைப்பு வராது.

முதலில் சொன்ன வோல்ட் கணக்குக்கு இரண்டு விலக்கு. சிடிஐ வண்டியில், அதாவது கப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துப் பொறிக்கு விடும் வகையில், அந்த யூனிட்டிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் துடிப்பு ஓடும். அங்கே மேலுறை போயிருந்தால் வயரையே மாற்றுவது உத்தமம். காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் கேபிளிலோ பல ஆயிரம் வோல்ட். விரிசல் விட்ட பிளக் கேபிளுக்கு டேப் சுற்றி ஓட்டினால் மழை நாளில் டேப்பைத் தாண்டி இன்ஜினுக்கு எர்த் ஆகும், வண்டி விக்கும்.

பழைய டேப்பை உரித்ததும் மிஞ்சும் பிசினுக்குப் பெட்ரோலை எடுக்காதீர்கள். வயரின் பிவிசி உறையை அது விறைக்க வைக்கும், பேட்டரி பக்கத்தில் அது ஆபத்தும்கூட. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். பிடிவாதமான களிம்புக்கு நீலகிரித் தைலம் நன்றாக வேலை செய்யும். தடவி ஐந்து நிமிடம் விட்டு, வழித்து, பிறகு ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் புது டேப் போட்டால் ஒட்டாது. புதிய ரோலையும் சீட்டுக்கு அடியில் டூல் கிட்டோடு போட்டு வைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் ரோலிலேயே பசை ஓரத்துக்கு வந்துவிடும். அவசரத்துக்கு வண்டியில் ஒன்று வேண்டுமென்றால் பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றில் ஒரு மீட்டர் சுற்றி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.