வேலிக்கு எத்தனை தூண்?

எங்கள் கணித ஆசிரியர் சுற்றளவைக் கற்பித்தபோது சூத்திரத்தில் தொடங்கவில்லை. ஒரு காணியின் பரப்பை மாத்திரம் சொல்லிவிட்டு, அதை அடைக்க எவ்வளவு வேலி வேண்டும் என்று கேட்டார். ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீற்றர். முன்வாங்கில் இருந்தவர்கள் வர்க்கமூலம் கண்டு, பக்கம் 100 மீற்றர், சுற்றளவு 400 மீற்றர் என்று முந்திக்கொண்டு சொன்னார்கள். “காணி சதுரமென்று உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் சேர். அதே ஹெக்டேர் 50க்கு 200 மீற்றராக இருந்தால் வேலி 500 மீற்றர். 25க்கு 400 மீற்றராக ஒடுங்கி நீண்டு கிடந்தால் 850 மீற்றர். பரப்பில் ஒரு சாணும் கூடாமலே வேலி இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பரப்பைச் சொல்லி வேலிக் கணக்குக் கேட்பவர்களை இன்றும் காண்கிறேன். அவர்களிடம் காணியின் வரைபடத்தைத்தான் முதலில் கேட்கவேண்டியிருக்கிறது.

அடுத்து அவர் வரைந்த உருவம் எங்களை நன்றாகக் குழப்பியது. 120க்கு 80 மீற்றர் செவ்வகம் ஒன்றின் மூலையில் 40க்கு 30 மீற்றர்த் துண்டை வெட்டி எடுத்துவிட்டார். காணி 1,200 சதுர மீற்றர் குறைந்தது. வேலியோ அதே 400 மீற்றர்தான், ஏனெனில் வெட்டிய இடத்தில் இழந்த இரு பக்கங்களுக்கும் சமமான இரு பக்கங்கள் உள்ளே புதிதாகத் தோன்றிவிட்டன. அதே துண்டை மூலையில் வெட்டாமல் நீண்ட பக்கத்தின் நடுவே 30 மீற்றர் ஆழத்துக்கு வெட்டியிருந்தால் வேலி 460 மீற்றராகக் கூடியிருக்கும். காணி சிறுத்து வேலி நீளும் என்பதை நாங்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு எங்களை மைதானத்துக்கு அழைத்துச்சென்று முளை அடித்து அளக்கவைத்தார். சில நாடாக்களில் பூச்சியம் வளையத்தின் வெளிநுனியில் தொடங்கும், சிலவற்றில் அதற்கு அப்பால் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பாராமல் நாடாவைப் பிடிக்க அவர் விடமாட்டார். நாடா தொய்ந்தாலும் வளைந்தாலும் உள்ளதைவிடக் கூடுதலான அளவே காட்டும் என்பதால் இருபுறமும் இழுத்துப் பிடிக்கச் சொல்வார். சரிவான நிலத்துக்கு வரைபடத்தின் நீளம் போதாது, அது கிடையாக அளந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது: 50 மீற்றர்ப் பக்கமொன்று 10 மீற்றர் உயருமானால், பைதகரஸ் தேற்றப்படி வேலி ஏறக்குறைய 51 மீற்றர் வேண்டும்.

தூண் கணக்கில்தான் சுவை அதிகம். ஒரு கோட்டில் தூண்கள் இடைவெளிகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். சுற்றி வந்து தொடங்கிய தூணிலேயே முடியும் வேலியில் இரண்டும் சமம். ஆகவே மூலை வெட்டிய அந்தக் காணிக்கு, 4 மீற்றர் இடைவெளியில் 100 தூண்கள் என்று சுற்றளவைப் பிரித்து எழுதினோம். ஆனால் மூலைக்கு மூலை தூண் நின்றாக வேண்டுமே! 120, 80, 80, 40 மீற்றர்ப் பக்கங்கள் மீதமின்றி வகுபட்டன. 30 மீற்றர்ப் பக்கத்துக்கு ஏழரை இடைவெளி என்பது நடவாத காரியம், எட்டாக்கவேண்டும். 50 மீற்றர்ப் பக்கத்துக்கும் அவ்வாறே 13. பக்கம் பக்கமாகக் கூட்டினால் 101 தூண்கள் வந்தன. வாசலுக்கு ஓர் இடைவெளியை விட்டால் கம்பி குறையுமே தவிர, தூண் குறையாது. உள்நோக்கி மடிந்த மூலை உட்பட ஆறு மூலைகளையும் கம்பி இரு திசைகளில் இழுப்பதால், ஒவ்வொன்றுக்கும் சாய்வாக முண்டு கொடுக்கும் இரு கட்டைகளையும் சேர்த்தோம்.

கடைசியாகக் கம்பி. காணி சமதரை என்றும் வாசல் 4 மீற்றர் என்றும் கொண்டால், ஐந்து வரி முட்கம்பிக்கு 396 மீற்றரை ஐந்தால் பெருக்கி 1,980 மீற்றர். சுருளொன்று 200 மீற்றர் என்றால் பத்துச் சுருள்கள் போதும், 20 மீற்றர் மிச்சமும் வரும் என்று தோன்றும். ஆனால் கம்பியை மூலைகளிலும் வாசல் தூண்களிலும் முடித்துச் சுற்றிக் கட்டவேண்டும். ஆறு பக்கங்களின் இரு முனைகளோடு வாசலின் இரு முனைகளையும் சேர்த்து ஐந்து வரிக்கு 70 முனைகள். முனைக்கு அரை மீற்றர் வைத்தாலே 35 மீற்றர் போய்விடும். சுருள் பதினொன்று என்று எழுதிய பின்னர்தான் சேர் கொப்பிகளில் சரி போட்டார்.