தோளைப் பார்த்து வாங்குங்க

எனக்கு நெஞ்சளவு 36 இன்ச், சின்ன உடம்பு. எந்தக் கோட்டு போட்டாலும் அப்பாவோடதைக் கடன் வாங்கின மாதிரி இருக்கும். மூணு கோட்டை வீணாக்கின பிறகுதான் புத்தி வந்துச்சு. தோள் தையல் தோள் எலும்பு முடியற இடத்துல நிக்கணும். அதைப் பிரிச்சுத் தைக்கக் கூலி தாங்காது. இடுப்பு, கை நீளம், பேன்ட் அடியெல்லாம் டெய்லர் சுலபமா சரி பண்ணிடுவார். ஆனா கோட்டோட நீளத்தை ரொம்பக் குறைச்சா பாக்கெட் கீழ் ஓரத்துல போய் ஒட்டிக்கும் (பட்டாச்சு!). அதனால என்னை மாதிரி ஆளுங்க 'ஷார்ட்' அளவாவே (உயரம் கம்மியானவங்களுக்குன்னு நீளம் குறைச்சுத் தைச்சது) தேடுங்க.

கோட்டும் பேன்ட்டும் சேர்ந்த சூட்னா முதல்ல நேவி ப்ளூ, அடுத்து சாம்பல் வாங்குங்க. ரெண்டும் மினுமினுப்போ டிசைனோ இல்லாத துணியா இருந்தா கோட்டையும் பேன்ட்டையும் மாத்திப் போடலாம், நாலு ஜோடி தேறும். அகலமான டை வேண்டவே வேண்டாம், ஆளையே முழுங்கிடுது.

சட்டைக் கை அரை இன்ச் வெளியே தெரியணுமாம். என் முதல் கோட்டுல விரலே தெரியாது, இன்னும் அலமாரியில தொங்குது.