வேலிச் சாயத்தால் தள்ளிப்போன வீட்டு விற்பனை

டெக்சாஸில் நாங்கள் பத்தாண்டுகள் குடியிருந்த வீட்டைச் சென்ற ஆண்டு விற்றோம். விலை படிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, வாங்குபவரின் கடனுக்கு வங்கியும் சம்மதித்த பிறகு, அந்த விற்பனை மூன்று வாரங்கள் நகராமல் நின்றது. காரணம், பக்கவாட்டு வேலிக்கு நாங்கள் அடித்திருந்த சாயத்தின் நிறம்.

ஆலங்கட்டி மழையோடு வந்த காற்றில் சாய்ந்த பழைய மரவேலியை எடுத்துவிட்டுப் புதிது போட்டபோது, எச்.ஓ.ஏ. எனப்படும் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் முன்னனுமதி கேட்காமல் விட்டது என் தவறுதான். சங்க விதிப்படி வேலி வெளிர் செடார் மர நிறத்தில் இருக்க வேண்டும். நாங்கள் அடித்ததோ காப்பிக்கொட்டை நிறம். முதல் கடிதத்தோடு ஒரு புகைப்படமும் வந்தது. சாயங்கால வெயிலில் எடுத்த படம் அது; பாதி வேலி நிழலுக்குள் கிடந்ததால், உண்மையில் இருந்ததைவிட நிறம் கறுத்துத் தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டி இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினேன், பதில் வரவில்லை. பிறகு பதிவுத் தபாலில் அபராத அறிவிப்பு வந்தது. கோபத்தில் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, விவகாரம் தானாக அடங்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அந்த இழுப்பறைதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209ஆம் அத்தியாயப்படி, அத்தகைய அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்டால், நிர்வாகக் குழு நம்மை நேரில் விசாரித்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விசாரணைக்கு 10 நாட்கள் முன்பாகவே தங்களிடம் உள்ள படங்களையும் ஆவணங்களையும் அவர்கள் நமக்குத் தந்துவிட வேண்டும். அந்த நிழல் படத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டமே வகுத்துக் கொடுத்த இடத்தை நானே கைநழுவ விட்டேன். வெறும் அபராதத்துக்காக மட்டும் ஒரு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று அதே அத்தியாயத்தில் படித்திருந்தது எனக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்துவிட்டது என்றே இப்போது நினைக்கிறேன். ஏலம் விட முடியாதுதான். ஆனால் அந்தத் தொகை நம் வீட்டுக் கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பதையும், வீட்டை விற்கும் நாளில் அது எதிரே வந்து நிற்பதையும் அந்தப் பிரிவு தடுப்பதில்லை.

அப்படி வந்து நிற்கும் இடம் ரீசேல் சர்டிபிகேட், அதாவது விற்கப்படும் வீட்டைப் பற்றிச் சங்கம் எழுதித் தரும் சான்றிதழ். அதே சட்டத்தின் 207ஆம் அத்தியாயப்படி, எழுத்து மூலம் கேட்ட 10 வேலை நாட்களுக்குள் சங்கம் அதைத் தர வேண்டும். கட்டணம் 375 டாலருக்கு மேல் போகக் கூடாது. சந்தா எவ்வளவு, பாக்கி எவ்வளவு, சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் ஆகியிருக்கிறதா, சங்கத்தின் மேல் வழக்குகள் உண்டா, இந்த வீட்டில் விதிமீறல் ஏதும் இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருக்கும். மாநிலத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவப்படி, அதைப் பெற்ற 3 நாட்களுக்குள் வாங்குபவர் விற்பனையை ரத்து செய்துவிடலாம். எங்கள் சர்டிபிகேட்டில் வேலியின் நிறம் தீர்க்கப்படாத விதிமீறலாக ஒரே வரியில் இருந்தது. அதன் கீழே அபராதமும், அபராதத்தைவிடப் பெரிதாக வக்கீல் கட்டணமும் இருந்தன.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நான் சொன்னபோது, எங்கள் ரியல்டராக, அதாவது வீட்டு விற்பனை முகவராக இருந்த தமிழ்ப்பெண் மறுத்தார். “அண்ணா, காசு கட்டினா கணக்குதான் முடியும், வயலேஷன் முடியாது. நிறத்தை மாத்தி, போர்டு கிட்ட எழுதி வாங்கினாத்தான் முடியும்.” இந்த வேறுபாட்டை எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பாக்கியைத் தீர்த்தால், உரிமைப் பத்திரங்களைச் சரிபார்த்து விற்பனையை முடித்துவைக்கும் டைட்டில் கம்பெனிக்குப் போதும்; ஆனால் விதிமீறல் வீட்டோடு புதிய உரிமையாளருக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த கடிதம் அவர் பெயருக்கு வரும். வாங்க வந்த இளம் தம்பதியர் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான். வேலியை நாங்கள் சரிசெய்து கொடுப்பதாக எழுதித் தந்தோம். அவர்களும் ரத்து செய்யாமல் காத்திருக்கச் சம்மதித்தார்கள்.

அடர் சாயத்தின் மேல் வெளிர் சாயம் பிடிக்காது. இரண்டு வார இறுதிகள், சாயம் நீக்கும் திரவத்தைப் பூசி, ஊறவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பலகை பலகையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கழுவிய தண்ணீர் புல்லின்மேல் காப்பி டிகாஷனைப் போல ஓடியது. இதற்கிடையில் வாங்குபவரின் வட்டி விகிதத்துக்கு வங்கி தந்திருந்த கெடு முடிந்து, அதை நீட்டிக்கும் செலவும் எங்கள் தலையில் விழுந்தது.

அடுக்குமாடி வீடாக இருந்தால், சொந்த வீட்டில் ஒரு குறையும் இல்லாமலேயே விற்பனை நின்றுபோகலாம். 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, தள்ளிப்போட்ட பெரிய பழுதுகளையும் கட்டடப் பாதுகாப்பு பற்றிய வழக்குகளையும் குறித்துக் கடன் நிறுவனங்கள் சங்கத்திடம் துருவிக் கேட்கின்றன. பதில் சரியில்லை என்றால் வாங்குபவருக்குக் கடன் கிடைப்பதில்லை. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே சங்கத்திடமிருந்து இந்தத் தாள்களை நாமே வாங்கிப் படித்துவிட வேண்டும் என்று, விற்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரையும் இப்போது வற்புறுத்துகிறேன்.

எங்கள் திருத்திய சர்டிபிகேட் ஒரு வியாழக்கிழமை வந்தது. விதிமீறல் பகுதி காலியாக இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போட்ட கையோடு, சாவிக்கொத்துடன் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் அந்தத் தம்பதியரிடம் கொடுத்தேன். மீந்த செடார் சாயத்தை, எந்தக் கம்பெனி, எந்த எண் என்று மூடியில் எழுதி, கராஜ் அலமாரியில் வைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டு வந்தேன்.