4,420 என்ற எண்ணோடு ஒரு மாரிகாலம்

மேற்படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. செப்சிஸை எடுத்தேன்: தொற்றுக்கு உடலே கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகிற நிலை அது. அதற்கென்று ஸிக்ரிஸ் என்ற மருந்து 2001இல் பெரிய ஆரவாரத்தோடு வந்து, 2011இல் சந்தையிலிருந்தே போய்விட்டது. பிழை மருந்தில் மட்டும் இல்லை, பலவிதமான நோயாளிகளை செப்சிஸ் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதிலும்தான் என்கிற கட்சி நான்.

ஐரோப்பாவில் நடந்த இம்யூனோசெப் ஆய்வில் இரத்தத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். ஃபெரிட்டின், அதாவது இரும்பைச் சேமிக்கும் புரதம், மில்லிலீட்டருக்கு 4,420 நானோகிராமைத் தாண்டினால் நோயெதிர்ப்பு கட்டுமீறி எரிகிறது என்று, அதைத் தணிக்கும் அனகின்ரா என்ற மருந்து. மொனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் எச்எல்ஏ-டிஆர் என்ற புரதம் குறைந்திருந்தால் நோயெதிர்ப்பு ஓய்ந்துபோய்விட்டது என்று, அதைத் தூண்டும் இன்டர்ஃபெரோன் காமா. நான் மருந்து எதுவும் கொடுக்கப் போவதில்லை. அதே 4,420 என்ற எல்லைக்கோட்டைப் போட்டால் எங்கள் ஆட்களில் யார் யார் உள்ளே வருவார்கள் என்று பார்ப்பது மட்டும்தான். எச்எல்ஏ-டிஆரை முதல் வாரமே விட்டுவிட்டேன். அதற்கு அணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வேண்டும், மாதிரியும் சில மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும்.

நெறிமுறைக் குழுவிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் பேனாவால் ஒரே கேள்வி: "மாரியில் டெங்கு நோயாளிகளை என்ன செய்வீர்கள்?"

வெட்கமாகப் போய்விட்டது. 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியதை நினைத்து அதற்கென்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன். டெங்குவை மறந்திருந்தேன். டெங்குவிலும் ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறும். அந்தக் கோட்டை அப்படியே இங்கே போட்டால், கார்த்திகை மழையில் வார்டில் படுத்திருக்கும் டெங்குக்காரர் பலர் அதைத் தாண்டிவிடக் கூடும். சரி, எல்லோருக்கும் முதலில் டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை, டெங்கு இருந்தால் தனிப் பட்டியல் என்று மாற்றி எழுதினேன். அனுமதி கிடைத்தது.

அப்புறம்தான் ஒப்புதல் வாங்கும் படலம். இரவு ஐசியூ வாசலில் ஒரு அம்மா, கையில் தேநீர்ப் போத்தல். படிவத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதால இவருக்கு ஒண்டும் வராது எண்டு நீங்களே சொல்லுறியள். பிறகேன் தம்பி இன்னொருக்காக் குத்துவான்? காலமை எடுத்த இரத்தத்தில மிச்சம் இல்லையோ?"

இருந்தது. ஃபெரிட்டின் பார்க்கக் கொஞ்சம் சீரம் போதும். வழக்கமான பரிசோதனைக்கு எடுத்ததில் மிஞ்சுவதே காணும். ஆய்வுகூடத்தில் கேட்டபோது, "இதை முதலே கேட்டிருக்கலாமே டொக்டர்" என்று சிரித்தார்கள்.

ஆனால் மிச்ச இரத்தம் என்று மாற்றினால் மறுபடியும் குழுவுக்குப் போக வேண்டும். போனேன். திருத்தம் கையொப்பத்தோடு திரும்பி வந்தபோது தை பிறந்து, மழையும் விட்டிருந்தது. படிவங்களை அலுமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த ஐப்பசிக்கு.